பரங்கிமலையில் பிறந்த அமைச்சர்: எம்.சி. ராஜாவின் குடும்பமும் இளமைக்காலமும்

சென்னைக்குப் படிக்க வரும் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு எம்.சி. ராஜா என்பது முதலில் ஒரு விடுதியின் பெயர். சைதாப்பேட்டையில் உள்ள அந்த விடுதியில் தங்கிப் படித்து, இன்று ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் அரசு ஊழியராகவும் இருப்பவர்கள் நம்மைச் சுற்றி ஏராளம். "நான் எம்.சி. ராஜா ஹாஸ்டல்" என்று சொன்னாலே ஒரு உறவு வந்துவிடும். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றிப் பேச்செடுத்தால், ஒன்று மௌனம், இல்லையென்றால் ஒரே ஒரு வரி: "அம்பேத்கருக்கு எதிரா மூஞ்சேவோட ஒப்பந்தம் போட்டவர்தானே?"

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் இந்தப் பேச்சு வந்தது. இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டான்: "அவரு வசதியான வீட்டுப் பிள்ளையாமே. அப்பா பெரிய வேலையில இருந்தாராம். மிஷன் ஸ்கூல், கிறிஸ்டியன் காலேஜ், ராவ் பகதூர் பட்டம். அப்படிப்பட்டவர் எப்படி நமக்குத் தலைவரா இருக்க முடியும்?" கேள்வி ராஜாவைப் பற்றியது. ஆனால் அந்தத் தம்பியின் குரலில் வேறொன்றும் இருந்தது. அவனுடைய அப்பா ரயில்வேயில் எழுத்தர். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் படிவம் கேட்டு நின்றபோது, "உங்கப்பாதான் கவர்மென்ட் உத்தியோகத்துல இருக்காரே, உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று அங்கிருந்தவர் எல்லார் முன்னாலும் கேட்டதை அவன் ஏற்கெனவே எங்களிடம் சொல்லியிருந்தான்.

ஆகவே ராஜாவின் அரசியலுக்குள் போவதற்கு முன், அவர் எந்த வீட்டிலிருந்து வந்தார், அந்த வீடு எப்படி உருவானது என்பதைப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இந்தக் கட்டுரை அந்த உரையாடலிலிருந்து எழுந்தது.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17 அன்று பரங்கிமலையில் பிறந்தார். இந்த ஒரு வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஊர். பரங்கிமலை என்ற பெயரே ஒரு வரலாறு. பரங்கியர் வந்து குடியேறிய மலை. புனித தோமையார் மலை என்று தேவாலயக்காரர்கள் சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்தில் இது ராணுவக் குடியிருப்பு. மதராஸ் ராணுவத்தின் பீரங்கிப் படைக்குத் தலைமையிடம். இன்றும் கன்டோன்மென்ட் போர்டு இருக்கிறது, ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் இருக்கிறது. மெட்ரோ ரயிலில் இறங்கி விமான நிலையத்துக்கு ஓடுகிறவர்களுக்கு இது ஒரு நிறுத்தம் மட்டுமே. நம் மக்களுக்கு இது வேறு வகையான இடமாக இருந்தது.

ராணுவக் குடியிருப்பு என்றால் சிப்பாய் மட்டுமல்ல. சமையல்காரர், பட்லர், குதிரைக்காரர், ஆயா, தோட்டக்காரர், துணி வெளுப்பவர், சுமை தூக்குபவர் எனப் பலர் வேண்டும். வெள்ளைக்காரன் வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கவும், அவன் தொட்ட பாத்திரத்தைக் கழுவவும் சாதி இந்துக்கள் முன்வரவில்லை. பறையர்கள் முன்வந்தார்கள். இதை இழிவாகச் சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். "வெள்ளைக்காரனுக்கு பட்லர் வேலை பார்த்த கூட்டம்" என்று இணையத்தில் எழுதுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த பட்லருக்கு மாதச் சம்பளம் ரொக்கமாகக் கிடைத்தது என்பதை அவர்கள் எழுதுவதில்லை. கிராமத்தில் படியாளாக இருந்த அவருடைய அண்ணனுக்குக் கிடைத்தது நெல். அதுவும் ஆண்டையின் கை இரக்கப்பட்டு அளந்தால்தான். ரொக்கச் சம்பளம் என்றால் கடன் அடைக்கலாம், வாடகைக்கு வீடு பிடிக்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். சாதியை நேரடியாக எதிர்க்க முடியாத ஒருவர் சாதியின் பிடியிலிருந்து கொஞ்சம் விலகி நிற்க, ரொக்கமும் தூரமும் தேவை. கன்டோன்மென்ட் இரண்டையும் கொடுத்தது.

சிப்பாய்களாகவும் நம் மக்கள் இருந்தார்கள். மதராஸ் ராணுவத்தின் சாப்பர்ஸ், பயனீர் படைகளில் பறையர்கள் கணிசமாகச் சேர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர்கள் "போர்க்குணம் உள்ள இனங்கள்" என்று ஒரு கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு, வடக்கே ஆள் எடுக்கத் தொடங்கியதும் அந்தக் கதவு குறுகிப்போனது. ராஜா வளர்ந்த ஆண்டுகளும் அந்தக் கதவு குறுகிய ஆண்டுகளும் ஏறக்குறைய ஒன்றே. பட்டாளத்தை விட்டால் பள்ளிக்கூடம்தான் வழி என்ற நிலைக்குப் பல நகரக் குடும்பங்கள் வந்திருந்தன.

அடுத்து பெயர். ராஜாவின் தந்தை மயிலை சின்னத்தம்பி பிள்ளை. "மயிலை" என்பது மயிலாப்பூர். ஆக, எம்.சி. ராஜா என்ற பெயரில் 'எம்' ஊரைக் குறிக்கிறது, 'சி' அப்பாவைக் குறிக்கிறது. கபாலீசுவரர் கோயிலையும் மாட வீதிகளையும் மட்டும் நினைவுபடுத்தும் ஊர்ப்பெயர், இந்தக் குடும்பத்துக்கும் அடையாளமாக இருந்திருக்கிறது. மயிலாப்பூர் என்றால் யாருடைய ஊர் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும் என்று நாம் பழகிப்போயிருக்கிறோம். கோயிலைச் சுற்றி வீதிகள் இருந்த காலமெல்லாம் அந்த வீதிகளுக்கு அப்பால் சேரிகளும் இருந்தன.

"பிள்ளை" என்ற பட்டமும் நம் மாணவர்களைக் குழப்புகிறது. பிள்ளை என்றதும் வேறு சாதியை நினைத்துக்கொள்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தக் காலத்தில் சென்னையிலும் வட தமிழகத்திலும் இருந்த படித்த பறையர் குடும்பங்கள் இந்தப் பட்டத்தைச் சாதாரணமாகப் பயன்படுத்தின. 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்ற வி.ஐ. முனுசாமி பிள்ளை, அதே ஆண்டில் சென்னை மாநகர மேயரான ஜே. சிவசண்முகம் பிள்ளை ஆகிய இருவரும் நம்மவர்கள். இந்தச் சிவசண்முகம் பிள்ளைதான் 1930இல் ராஜாவின் வாழ்க்கையையும் எழுத்துகளையும் பேச்சுகளையும் ஆங்கிலத்தில் நூலாக்கினார். பட்டம் போட்டுக்கொண்டது மேல்சாதியாகக் காட்டிக்கொள்ளவா என்று கேட்கலாம். எங்கள் கருத்து வேறு. மரியாதையான சொல் எல்லாம் ஒரு சிலருக்கே உரியது என்பதை அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆண்டை "டேய்" என்று கூப்பிட்ட ஒரு தலைமுறையின் மகன், "சின்னத்தம்பி பிள்ளை" என்று கையெழுத்துப் போடுவது சின்ன விஷயம் இல்லை.

சின்னத்தம்பி பிள்ளை லாரன்ஸ் அசைலத்தில் மேலாளராக இருந்தார். அசைலம் என்றால் இன்றைய காதுக்கு வேறு பொருள் தோன்றும். இது ஆங்கிலேயச் சிப்பாய்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஹென்றி லாரன்ஸ் பெயரில் நீலகிரியில் தொடங்கப்பட்ட நிறுவனம். இன்று லவ்டேலில் லாரன்ஸ் பள்ளியாக இருப்பது அதுவே. அதன் பெயரில் மதராஸ் மவுன்ட் ரோட்டில் ஒரு அச்சகமும் நடந்தது. ராணுவம், ராணுவத்தைச் சுற்றிய தர்ம நிறுவனங்கள், அவற்றின் அலுவலகங்கள் என்று இந்தக் குடும்பத்தின் வாழ்வு கன்டோன்மென்ட் உலகத்தைச் சார்ந்தே நின்றது. கணக்கும் எழுத்தும் ஆங்கிலமும் தெரிந்தால்தான் மேலாளர் வேலை. அதாவது ராஜாவின் வீட்டில் படிப்பு அவரிடம் தொடங்கவில்லை. அவருக்கு முந்தைய தலைமுறையிலேயே வந்துவிட்டது. 1883க்கு முன்பே தமிழகத்தில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த தலித் குடும்பங்கள் இருந்தன என்பதை, "நாங்கதான் உங்களைப் படிக்க வெச்சோம்" என்று எல்லாக் கட்சி மேடையிலும் கேட்கும் நாம் ஒருமுறை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வரலாம். ஆம், செங்கல்பட்டுச் சேரியில் இருந்த ஒரு படியாள் குடும்பத்தோடு ஒப்பிட்டால் ராஜாவின் குடும்பம் வசதியானதுதான். இதை மறைக்க வேண்டியதில்லை. ஒப்பீட்டை இன்னும் கூர்மையாகவே செய்யலாம்.

பரங்கிமலை அன்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தது. அதே மாவட்டத்தில் கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அப்போது ராஜாவுக்கு எட்டு வயது. மிராசி முறையில் ஊர் நிலமெல்லாம் மிராசுதாரர்களின் உரிமையில் இருந்தது. தரிசாகக் கிடக்கும் புறம்போக்கை தர்காஸ்து போட்டு வாங்கலாம் என்றால், அதற்கும் முதல் உரிமை மிராசுதாரருக்கே. பறையர் குடிசை போட்டிருக்கும் மனைகூட அவருக்குச் சொந்தமில்லை. கூலி உயர்வு கேட்டால் குடிசை போய்விடும். சில ரூபாய்க் கடனுக்காகக் குடும்பமே தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடக்கும். இதையெல்லாம் அந்த அறிக்கை பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010ஆம் எண் அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. மீட்புப் போராட்டங்களில் இருக்கும் தோழர்களுக்கு அந்த எண் மனப்பாடம்.

ஒரே மாவட்டம், ஒரே சாதி, ஒரே காலம். ஒரு பக்கம் லாரன்ஸ் அசைலம் மேலாளரின் மகன் பள்ளிக்குப் போகிறான். இன்னொரு பக்கம் அதே வயதுப் பையன் அப்பாவின் கடனுக்காக மாடு மேய்க்கிறான். இந்த இடைவெளிதான் ராஜாவின் வாழ்நாள் அரசியலின் பலமும் பலவீனமும் என்று நாங்கள் நினைக்கிறோம். அவர் மனு எழுதினார், தீர்மானம் கொண்டுவந்தார், மசோதா தாக்கல் செய்தார். அலுவலக உலகத்தில் வளர்ந்தவரின் ஆயுதங்கள் இவை. குடிசை பறிபோகும் பயம் இல்லாத ஒருவர்தான் அன்று அந்தச் சபைகளில் எழுந்து பேசியிருக்க முடியும் என்பதும் உண்மை. படியாள் எழுந்து பேசினால் அடுத்த நாள் அவர் எங்கே உறங்குவார்?

ராஜாவின் பள்ளிப் படிப்பு ராயப்பேட்டையில் உள்ள வெஸ்லி மிஷன் உயர்நிலைப் பள்ளியில். பிறகு வெஸ்லி கல்லூரி. பட்டப்படிப்பு சென்னை கிறித்தவக் கல்லூரியில். ராஜா படித்தபோது அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. தாம்பரத்துக்கு மாறியது 1937இல், ராஜா அமைச்சரான அதே ஆண்டில்.

ராயப்பேட்டையை வெறும் பள்ளி இருந்த இடமாகக் கடந்துவிட முடியாது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியது ராயப்பேட்டையில். 1907இல் அவருடைய 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவரத் தொடங்கியதும் அங்கிருந்துதான். அதற்கு முன் 1891இல் பண்டிதர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கியிருந்தார். அதே காலத்தில் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைக் கட்டினார். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை கொண்டுவந்தார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அதே சொல்லைப் பத்திரிகையின் நெற்றியில் அச்சிட்ட துணிச்சல் அது. அதே 1893இல்தான் "பஞ்சமர்" கல்விக்காகச் சென்னை அரசு தனி ஆணை வெளியிட்டது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு ஊரூர் பக்கம் இலவசப் பள்ளியைத் தொடங்கினார்.

அதாவது ராஜா என்ற சிறுவன் எட்டு வயதிலிருந்து இருபது வயதுவரை வளர்ந்த சென்னை, தலித் அரசியல் கொதித்துக்கொண்டிருந்த சென்னை. பெயர் என்ன, மதம் என்ன, நாம் பூர்வகுடிகளா, இந்துக்களா, பௌத்தர்களா என்ற விவாதங்கள் அச்சேறிக்கொண்டிருந்தன. ஒருவர் "பறையன்" என்றே சொல்லுவோம் என்றார். இன்னொருவர் "பூர்வ பௌத்தர்" என்றார். அரசாங்கம் "பஞ்சமன்" என்றது. பள்ளிப் பதிவேட்டில் எதை எழுதுவது என்பதே ஒரு அரசியல் கேள்வியாக இருந்த காலம். பின்னாளில் ராஜா பெயரை மையமாக வைத்து முதல் பெரிய சட்டமன்றப் போராட்டத்தை நடத்தினார் என்றால், அதற்கான விதை இந்த ஆண்டுகளில் இருக்கிறது. இது எங்கள் ஊகம்தான், ஆனால் அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டுகிற எவருக்கும் இந்த ஊகம் வராமல் இருக்காது.

மிஷன் பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிஷன் பள்ளி என்றாலே சாதி இல்லாத இடம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சாதி இந்துக்கள் தங்கள் பிள்ளைகளின் பக்கத்தில் தலித் பிள்ளைகளை உட்கார வைத்தால் வெளியேறுவோம் என்று மிரட்டியதும், பள்ளிகள் அதற்கு வளைந்து கொடுத்ததும் அந்தக் கால மதராஸில் வழக்கமாக நடந்தவை. ஆனாலும் கதவு திறந்திருந்தது. மற்ற இடங்களில் கதவே இல்லை.

பட்டம் பெற்ற ராஜா ஆசிரியரானார். இந்தக் கட்டத்தை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எங்களுக்கு இது முக்கியமாகப்படுகிறது. அன்றைய சமூகத்தில் வாத்தியார் வேலை என்பது யாருடைய பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி. "பறையன் சொல்லிக்கொடுத்து நம்ம பிள்ளை படிக்கிறதா" என்று கேட்கிற ஊரில் வகுப்பறையில் நிற்பது. அவர் வெறுமனே நிற்கவும் இல்லை, பாடநூல்களும் எழுதினார். கல்வியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருடைய பேச்சில் வகுப்பறையை உள்ளே இருந்து பார்த்த ஒருவரின் அக்கறை தெரியும். கட்டணச் சலுகை, உதவித்தொகை, விடுதி என்று அவர் கேட்டவை எல்லாம் ஒரு பிள்ளை பள்ளியிலிருந்து எந்த இடத்தில் நின்றுபோகும் என்று அறிந்தவர் கேட்பவை. அவர் பெயர் ஒரு விடுதிக்கு வைக்கப்பட்டதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

1916இல் அவர் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். வயது முப்பத்து மூன்று. நம்மில் பலருடைய வயது. 1920 தேர்தலுக்குப் பிறகு அமைந்த மதராஸ் சட்டமன்றத்தில், ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காக அரசு நியமித்தது ஐந்தே பேரை. பறையர், பள்ளர், வள்ளுவர், மாலா, மாதிகா, சக்கிலியர், செறுமர், ஹோலையர் என்று மாகாணம் முழுக்கப் பரவியிருந்த இத்தனை மக்களுக்கும் சேர்த்து ஐந்து நாற்காலி. அதில் ஒன்றில் ராஜா உட்கார்ந்தார். 1922இல் "பறையன்", "பஞ்சமன்" என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று எழுத வேண்டும் என அவர் கொண்டுவந்த தீர்மானம் அரசாணையானது. இன்று நம் சாதிச் சான்றிதழில் இருக்கும் "ஆதிதிராவிடர்" என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தத் தீர்மானம் இருக்கிறது.

நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இங்கே இருக்கிறது. அந்தப் பெயர் யார் யாரைச் சேர்த்துக்கொண்டது? சென்னையில் படித்த பறையர்கள் தேர்ந்தெடுத்த பெயர் எல்லா ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் பெயராக முடியுமா? அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி தனியாக அருந்ததிய மகாஜன சபையைக் கட்டியது அதே காலத்தில்தான். கன்டோன்மென்டும் மிஷன் பள்ளியும் அலுவலக வேலையும் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைத்துவிடவில்லை. முதலில் ஏணி கிடைத்தவர்களின் குரலே எல்லாருடைய குரலாகவும் கேட்கப்பட்டது. இதை ராஜா மீதான குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இன்று நமக்குள்ளும் இதே சிக்கல் அப்படியே இருக்கிறது, அதனால் சொல்கிறோம்.

நீதிக்கட்சியோடு இருந்த ராஜா 1923இல் அதைவிட்டு விலகினார். பிராமணரல்லாதாருக்கு வேலைவாய்ப்பில் இடம் என்று ஆணை வந்தபோது அதில் நமக்கென்று தனி இடம் இல்லை. 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. அப்போது அரசு ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டியதுதான் கலவரத்துக்குக் காரணம் என்று அந்தக் கட்சியின் பெரிய மனிதர்களே பேசினார்கள். ராஜா பொறுத்துக்கொள்ளவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை, ராவ் பகதூர் என்றெல்லாம் சொல்கிறவர்கள் இந்த விலகலை எப்படிப் புரிந்துகொள்வார்கள்? பதவிக்காக இருந்தவர் ஆளுங்கட்சியை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார்.

அமைச்சர் பதவி வந்தது பதினான்கு ஆண்டுகள் கழித்து. 1937 ஏப்ரலில், தேர்தலில் வென்ற காங்கிரஸ் பதவியேற்க மறுத்துக்கொண்டிருந்தபோது, கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவை அமைந்தது. அதில் எம்.சி. ராஜா வளர்ச்சித் துறை அமைச்சர். மதராஸ் மாகாணத்தில் ஒரு தலித் அமைச்சரானது அதுவே முதல்முறை. பதினேழு ஆண்டு இரட்டையாட்சியில் எத்தனையோ அமைச்சர்கள் வந்து போனார்கள், ஒருவர்கூட நம்மவர் இல்லை. பதவி நீடித்தது ஜூலை நடுப்பகுதிவரை மட்டும். மூன்றரை மாதத்தில் என்ன செய்துவிட முடியும்? எதுவும் பெரிதாகச் செய்ய முடியவில்லை. ஆனால் கோட்டையில் ஒரு அறை வாசலில் அந்தப் பெயர் இருந்தது.

நாங்கள் இதையெல்லாம் பேசி முடித்தபோது அந்தத் தம்பி சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவங்க அப்பா மேனேஜரா இருந்தும் இவரு பஞ்சமன்தானே அண்ணா, கவர்மென்ட் ரெக்கார்டுல?" என்று கேட்டான். ஆமாம். 1922 வரை அரசாங்கத் தாளில் அப்படித்தான். கிறித்தவக் கல்லூரிப் பட்டம் அந்தச் சொல்லை அழிக்கவில்லை. தீர்மானம் போட்டுத்தான் அழிக்க வேண்டியிருந்தது. "அப்ப எங்க காலேஜ் ஆபீஸ்ல..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். அந்தப் படிவத்தை அடுத்த திங்கட்கிழமை எங்களில் இருவர் அவனோடு போய் வாங்கி வந்தோம். இப்போது பூர்த்தி செய்து கொடுத்தாகிவிட்டது.

1932இன் ராஜா-மூஞ்சே ஒப்பந்தத்தைப் பற்றி இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. தனித்தொகுதி வேண்டும் என்று முன்பு கேட்டவர், வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் போய்வந்த பிறகு ஏன் கூட்டுத்தொகுதிக்கு மாறினார்? 1938இல் அவருடைய கோயில் நுழைவு மசோதாவை ராஜாஜி நிற்கவிடாமல் செய்தபோது அவர் என்ன நினைத்தார்? 1942 மார்ச்சில் கிரிப்ஸைச் சந்திக்க அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே போனார்கள் என்றால் இடையில் என்ன நடந்தது? அடுத்த மாத வாசிப்பு வட்டத்தில் இதுதான் தலைப்பு. ராஜா 1925இல் எழுதிய 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' நூலையும், காங்கிரசும் காந்தியும் நமக்குச் செய்தது என்ன என்று அம்பேத்கர் எழுதிய நூலில் ராஜா வரும் பகுதிகளையும் படித்துவிட்டு வாருங்கள். சண்டை போடலாம்.